பேரீச்சம்பழத்துக்குப் போகாத கணினிகள்

"அண்ணா, இதுல லெவன் ஏறுமா?"

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் கையில் ஏழெட்டு வயதான மடிக்கணினி இருக்கும். இல்லையென்றால் ஸ்கூட்டியின் முன்பக்கம் நிறுத்தி, கால்களால் அணைத்தபடி கொண்டுவந்த சி.பி.யு. பெட்டி இருக்கும். பதில் பெரும்பாலும் 'ஏறாது' என்பதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்த எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் கணக்கில் 'பழசு' ஆகிவிட்டது. அதன் உள்ளே ஒரு திருகாணிகூடக் கழலவில்லை. இப்படி ஒதுக்கப்படும் கணினிகள் உலகெங்கும் 24 கோடி வரை இருக்கலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்திருந்தது.

நம் வீடுகளில் இப்படி ஒதுக்கப்பட்டவை முதலில் பரணுக்குப் போகும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அங்கிருந்து இறங்கி, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த வழி அது. ஆனால் ஈயச்சொம்பு உருகி மறுபடி ஈயமாகும். கணினி அப்படி ஆவதில்லை. செம்புக்காகக் கம்பியைக் கொளுத்துவார்கள், தங்கத்துணுக்குக்காக மதர்போர்டை அமிலத்தில் போடுவார்கள். மிச்சமெல்லாம் மண்ணிலும் புகையிலும் கலக்கும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. இந்தப் பெட்டி யாருக்கு வேண்டாம் என்று நமக்குத் தெரியும். யாருக்கு வேண்டும்?

போனில் சி ப்ரோகிராம் எழுதும் பிள்ளைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 85 பேர் கிராமங்களில் இருந்தார்கள். எழுத்தறிவு சுமார் 72 விழுக்காடு. மாநிலச் சராசரி 80. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரியிலும், திண்டிவனம் கோவிந்தசாமி அரசுக் கலைக் கல்லூரியிலும், இரண்டு ஊர்களிலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்பது இங்கே அரிதான செய்தி இல்லை. வீட்டில் ஒரு கணினி இருப்பதுதான் அரிது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பின் 75-ஆவது சுற்று 2017-18-இல் எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்தான். நகரங்களிலேயே 23.4 விழுக்காடு.

செல்போன் வந்தது இந்தக் குறையை மறைத்ததே ஒழியத் தீர்க்கவில்லை. கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை, ஐந்தங்குலத் திரையில் கட்டைவிரலால் சி ப்ரோகிராம் அடித்து, அரைப்புள்ளி விட்ட இடம் தெரியாமல் தடுமாறுவது இந்தப் பக்கம் சாதாரணம். லேப் நேரம் முடிந்தால் பஸ் போய்விடும். மயிலத்துக்கோ மரக்காணத்துக்கோ போகிறவருக்குக் கல்லூரிக் கணினி மாலை நான்கு மணியோடு முடிந்துபோகிறது.

இன்னொரு பக்கம், 2024 பிப்ரவரியில் இதே மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாயில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகாமலே மென்பொருள் வேலை என்பது அதன் நோக்கம். அந்த நாற்காலிகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் உட்கார வேண்டுமென்றால், அவர்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குத் திறந்துவைத்துத் தப்புத்தப்பாய் எழுதி அழிக்க ஓர் இயந்திரம் வேண்டும். அது புதியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பைத்தான் கற்கவும், எச்.டி.எம்.எல். எழுதவும், லிப்ரே ஆபீஸில் கணக்கு போடவும் பத்து வருடப் பழைய கணினி தாராளம். உங்கள் பரணில் இருப்பதே போதும்.

1993-இல் பிறந்த இரண்டு

தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டத்தை உருவாக்கிய நாள் 1993 செப்டம்பர் 30. அதற்கு ஆறு வாரம் முன்னால், ஆகஸ்ட் 16-ஆம் தேதி, இயன் மர்டாக் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 'டெபியன்' என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் கருவையும் குனு மென்பொருள்களையும் சேர்த்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று வெளியிடப்பட்ட கட்டற்ற மென்பொருள் தொகுப்பு அது. உபுண்டுவுக்கு அடித்தளம் அதுதான், உபுண்டுவின் வழியாக லினக்ஸ் மின்டுக்கும் அதுதான்.

இந்த இரண்டு பிறப்புகளும் முப்பது வருடம் கழித்து ஒரே இடத்தில் சந்தித்தன. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன் பயனர்களும் பங்களிப்பாளர்களும் கூடிய மினி டெப்கான்ஃப் மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக டெபியன் மாநாடு. அதற்கு முன்னோட்டமாகத் தமிழ்நாட்டில் கூட இடம் தேடியபோது கிடைத்தது சென்னையோ கோவையோ இல்லை, விழுப்புரம். அதற்குக் காரணம் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. 'விக்ளக்' என்று இளைஞர்கள் சுருக்கிச் சொல்லும் தன்னார்வ அமைப்பு. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கிராமப்புற மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டற்ற மென்பொருளைக் காசு வாங்காமல் கற்றுத்தந்து வருகிறது.

பழைய கணினியைப் பற்றிய கட்டுரையில் இந்தக் குழுவுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். பழைய கணினிக்கு மறுவாழ்வு தருவதில் மென்பொருள் பாதிதான். மறுபாதி மனிதர்கள். லினக்ஸ் போட்டுக்கொடுத்த மறுவாரம் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் யாரிடம் கேட்பது? கேட்க ஆள் இல்லாத ஊரில், கொடுத்த கணினி ஒரு மாதத்தில் மறுபடி மூலைக்குப் போய்விடும். ஆள் இருக்கிற ஊர் விழுப்புரம். அந்த வாய்ப்பைத்தான் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

லினக்ஸ் குழுக்களிடம் 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' என்றொரு வழக்கம் உண்டு. அவரவர் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓர் இடத்தில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குப் போட்டுக்கொடுத்து, கூடவே உட்கார்ந்து சொல்லித்தருவது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' கூட்டங்கள் மின்விசிறி முதல் மிதிவண்டி வரை இதையே செய்கின்றன. விண்டோஸ் 10 நிறுத்தத்தை ஒட்டி ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் 2025-இல் நடத்திய இயக்கமும் மக்களை இப்படிப்பட்ட கூட்டங்களுக்குத்தான் அனுப்பியது. நம் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பள்ளி வகுப்பறையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களும் போதும்.

என்ன போடுவது? கோர் டூ டுயோ முதல் இன்டெல் ஐ-வரிசையின் ஏழாம் தலைமுறை வரை உள்ளவை 64 பிட் செயலிகள். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சரளமாக ஓடும். 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய திரைச்சூழலோடு டெபியன். அதற்கும் கீழே என்றால் ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ். எதையும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, வை-ஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று சோதித்த பிறகு வட்டில் பதியலாம். செலவு செய்ய மனமிருந்தால் ஒரே செலவு போதும்: சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. 'சிஸ்டம் ஸ்லோ' என்ற புகாரின் பெரும்பகுதி அந்தச் சுழல்வட்டுக்குத்தான் சேரும். விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, செயலியின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றினால், ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போகும் தொல்லையும் போகும்.

அரசு கொடுத்த மடிக்கணினிகள்

இந்த மாவட்டத்தின் பரண்களில் என்ன இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. உலகில் எந்த மாநில அரசும் எளிதில் காட்ட முடியாத எண்ணிக்கை இது. அவற்றில் முதல் தொகுப்பில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் அமைப்பு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது அதுவும். அதற்கு முன்பே 2006-08 காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வகித்தபோது, அங்கே சூசே லினக்ஸ் புழக்கத்துக்கு வந்திருந்தது. விதை விழுந்திருந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வாங்கிய வாரத்திலேயே கடையில் கொடுத்து, லினக்ஸை அழித்து, யாரோ கொடுத்த சிடியிலிருந்து விண்டோஸ் ஏற்றிக்கொண்டவர்கள் ஏராளம். சொல்லிக்கொடுக்காமல் கொடுத்ததன் விளைவு அது. மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்துக் கேரளம் என்ன செய்தது என்று பார்த்தால் வருத்தம் கூடும். ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-இல் தொடங்கி, 2017-இல் 'கைட்' நிறுவனமாக மாறிய அமைப்பு, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தது. பிறகு பள்ளிகளுக்கென்றே ஒரு குனு/லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து, தேர்வு வரை அதிலேயே நடத்தியது. இயந்திரத்துக்கு முன்னால் ஆசிரியர் தயாராக இருந்தார்.

நம் மாணவர்களிடம் இருக்கும் அந்தப் பழைய அரசு மடிக்கணினிகளில் பேட்டரி செத்திருக்கும், கீபோர்டில் நாலு எழுத்து விழாது. ஆனால் திரை இருக்கும், உயிர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பத்தாயிரக்கணக்கில் செலவழிக்காமல் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு செருகினால் மேசைக் கணினியாகிவிடும். பிளஸ் டூ முடித்த அக்காவுக்குக் கிடைத்த கணினியில் பத்தாவது படிக்கும் தம்பி ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் போன்ற சிறுவர் மென்பொருள்களைத் தாண்டி, ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கக் கருவி வரை போகலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. புதியது கைக்கு வரும்போது பழையது வீட்டில் என்ன ஆகிறது என்று கேட்கும் வரி ஒன்றும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்திருந்தால் நன்றாக இருக்கும். கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளும் மேசை ஒன்று.

பேஜ்மேக்கருக்குள் மாட்டிக்கொண்ட தமிழ்

பழைய கணினிக்குப் புதுவேலை என்றதும் பலரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

திண்டிவனத்தில், விழுப்புரத்தில், தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும், டி.டி.பி. சென்டர் அல்லது அச்சகத்தின் மூலையில் தூசி படிந்த ஒரு கணினி இன்னும் ஓடுவதைப் பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி. அதில் அடோபி பேஜ்மேக்கர் 7.0. பேஜ்மேக்கரின் அந்தக் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல். எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. ஆனாலும் அந்தக் கணினியை அச்சகக்காரர் விடமாட்டார். விட்டால் பழைய பத்திரிகை ஃபைல் எதுவும் திறக்காது.

காரணம் இது. யூனிகோட் பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை உட்காரவைத்துத்தான் எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி ஒரு வரிசை. வானவில் வேறு வரிசை. ஸ்ரீலிபி இன்னொன்று. டாம், டாப், டிஸ்கி என்று பொதுத்தரம் கொண்டுவர நடந்த முயற்சிகள் தனி. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகளின் குப்பை. அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகக் கண்ணுக்குத் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சிற்றூர் அச்சகங்கள் கணினியில் அடித்துக் குவித்ததெல்லாம் பழைய குறியேற்றங்களில் கிடக்கிறது.

அது என்ன பெரிய இலக்கியமா என்று நினைக்கலாம். கோயில் கும்பாபிஷேக மலர்கள், அவற்றில் தல வரலாறும் திருப்பணி செய்தவர் பட்டியலும். பள்ளி வெள்ளிவிழா மலர்கள். விவசாயச் சங்கத் துண்டறிக்கைகள். தெருக்கூத்து ஜமாக்களின் நோட்டீஸ்கள். ஊர்க் கவிஞர் கைக்காசு போட்டு அச்சிட்ட தொகுப்பு. மூன்று தலைமுறை உறவுமுறையும் வரிசையாக நிற்கும் கல்யாணப் பத்திரிகைகள். ஒரு வட்டாரத்தின் சமூக வரலாற்றை எழுத நாளை யாராவது உட்கார்ந்தால், தேடவேண்டிய ஆவணம் இதுதான். அச்சான தாள் கரையானுக்குப் போயிருக்கும். மூலக் கோப்பு அந்த எக்ஸ்பி கணினியில் இருக்கும். அதை எடைக்குப் போட்டால் ஊரின் இருபது வருட எழுத்தும் சேர்ந்து போகிறது.

ஆகவே அந்தக் கணினிக்கு உள்ள வேலை, தன் வயிற்றில் இருக்கும் தமிழை வெளியே கொடுப்பது. பேஜ்மேக்கருக்குள் திறந்து உரையை வெளியேற்றிச் சேமித்து, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பிலும் பழைய குறியேற்றங்களை மாற்றும் வசதி உண்டு. பைத்தான் கற்கும் கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது. ஓர் அச்சகம், இரண்டு மாணவர்கள், ஒரு கோடை விடுமுறை. கையோடு வட்டு முழுவதையும் எழுத்துருக்களோடு படியெடுத்து, வேறொரு கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் அந்த எக்ஸ்பி-யை அப்படியே ஓடவைக்கவும் முடியும். ஒரே நிபந்தனை, அந்தக் கணினியை இணையத்தில் மாட்டக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு நச்சுநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பதம்பார்த்தபோது சிக்கியவை புதுப்பிக்கப்படாத விண்டோஸ் கணினிகள்தான். கொண்டுவரும் பென் டிரைவையும் சோதித்த பிறகே செருக வேண்டும்.

இணையத்தை விலக்கினால்

பழைய கணினியை உண்மையில் கிழவனாக்குவது இணையம். 2010-இல் ஓர் இணையப்பக்கம் கேட்ட நினைவகத்தைவிட இன்றைய பக்கம் கேட்பது பலமடங்கு. நாலு டேப் திறந்தால் 2 ஜிபி கணினி திணறும். அந்தப் பாரத்தை எடுத்துவிட்டால் அதே இயந்திரம் சுறுசுறுப்பாகிவிடும்.

அதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள், விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சுருக்கி இணையம் இல்லாமலே படிக்கத் தருகிறது. 2003-இல் தொடங்கி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படிக் கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க இலக்கியம் முதலான மின்னூல்கள், கணியம் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் நூல்கள், பாடநூல் கழகத்தின் பி.டி.எஃப். பாடங்கள், எளிய தமிழில் லினக்ஸ் கற்றுத்தரும் கணியம் தொடர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு சாதாரண வட்டில் அடங்கிவிடும். அந்தக் கணினியை வை-ஃபை ரவுட்டரோடு இணைத்தால், அறையில் இருக்கும் செல்போன்கள் எல்லாவற்றிலும் அதே நூலகம் டேட்டா செலவில்லாமல் திறக்கும்.

வைப்பதற்கு இடமும் இருக்கிறது. 2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகக் கட்டடங்கள் மாநிலமெங்கும் உண்டு. பல பூட்டிக் கிடக்கின்றன. சில திறந்திருந்தும் நாளிதழைத் தவிர ஒன்றும் இல்லை. கோலியனூர், விக்கிரவாண்டி, மயிலம், வானூர் ஒன்றியங்களில் பத்து நூலகங்களில் இப்படி ஒரு பெட்டி வைக்க ஆகும் செலவு, ஒரு புதுக் கணினி ஆய்வகத்தின் செலவில் சிறு பங்கு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர் ஒருவர் வந்தாலும் அந்த அறை திறந்திருக்கக் காரணம் கிடைக்கும்.

கொஞ்சம் இணையம் கிடைக்கிற இடமென்றால் தமிழ் விக்கிமூலம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் அங்கே வருடி வைக்கப்பட்டு, மெய்ப்புப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கப் படம், பக்கத்தில் தட்டச்சுப் பெட்டி. தமிழ்99 விசைப்பலகை பழகிய யாரும் பழைய கணினியிலேயே செய்யலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்!

திறந்து பார்க்கும் பாடம்

எழுந்திருக்கவே மாட்டாத கணினிக்கும் வேலை உண்டு. 'டிஸ்பிளே வரல' என்று ஓரம்கட்டிய நாலு பெட்டிகளை ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையில் வைத்து, ஆளுக்கொரு திருப்புளி கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ரேமைக் கழற்றி, தங்கநிற முனைகளை அழிப்பானால் தேய்த்து, மறுபடி செருகியதும் திரை எரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் கணினி மேல் இருந்த பயம் அன்றோடு போகும். நாலு செத்த பெட்டியிலிருந்து ஓர் ஓடும் பெட்டி தேறுவது சர்வீஸ்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஒன்றே ஒன்றைக் குழந்தைகள் தொடக் கூடாது. அது எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்வழங்கிப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இந்த அறிவு பொழுதுபோக்கு இல்லை என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே புயல் கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் தண்ணீரில் நின்றன. தரைமட்டத்தில் சி.பி.யு. வைத்திருந்த வீடுகளும் கடைகளும் எத்தனையோ. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடுவதுதான் அப்போது செய்யக் கூடாத முதல் காரியம். நனைந்த பலகை அந்த நொடியில்தான் சாகும். மின்சாரம் கொடுக்காமல், சின்ன பேட்டரியையும் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரால் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நாள்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகு பிழைத்த மதர்போர்டுகள் உண்டு. தெருவுக்கு ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

எதை விட்டுவிட வேண்டும்

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பென்டியம் 4 கணினியும் பழைய குண்டு மானிட்டரும் சேர்ந்தால் 200 வாட் அளவுக்கு இழுக்கும். ஐந்து மணி நேரத்தில் ஒரு யூனிட். அதே வேலையைப் பழைய மடிக்கணினி 30 வாட்டில் முடிக்கும். தினமும் ஓட வேண்டிய வேலைக்கு அந்தப் பெட்டி வேண்டாம். குண்டு மானிட்டரின் கண்ணாடியில் கிலோக்கணக்கில் ஈயம் இருக்கிறது. அதைத் தெருவில் உடைக்கவிடாமல் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் அந்தப் பொறுப்பின் பெரும்பங்கை உற்பத்தியாளர் மேலேயே வைக்கின்றன. உப்பிய லித்தியம் பேட்டரியை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது, குத்தவும் கூடாது.

தானம் என்ற பெயரில் நடக்கும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இடம் காலியாக வேண்டும் என்பதற்காக முப்பது ஓட்டைக் கணினிகளை ஒரு பள்ளிக்கு இறக்கிவிட்டு, பேனர் கட்டிப் படம் எடுத்துப் போவது உதவி இல்லை. குப்பை அகற்றும் வேலையை ஏழைப் பள்ளியின் தலையில் கட்டுவது அது. கொடுப்பதானால் ஓடவைத்து, இயங்குதளம் போட்டு, ஆறு மாதம் கேட்டால் வர ஓர் ஆளையும் காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் முப்பது வேண்டாம், ஐந்து போதும்.

கொடுக்கும் முன் வட்டைத் துடைக்க வேண்டும். 'டெலிட்' அடித்தாலோ 'ஃபார்மட்' போட்டாலோ கோப்பு முழுதாக அழிவதில்லை. பிரவுசிங் சென்டர் கணினிகளில் ஊராரின் ஆதார் நகல், பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஸ்கேனாகிக் கிடக்கும். என்வைப் (nwipe) போன்ற இலவசக் கருவியால் வட்டு முழுக்க மேலெழுதிவிட்டுக் கொடுக்கலாம். வட்டு ஓடவில்லையென்றால் கழற்றித் துளைபோட்டு விடலாம்.

அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கண்டம் செய்த கணினிகள் மொத்தமாக ஏலத்துக்குப் போகின்றன. வாங்குபவர் எடை பார்த்து வாங்குகிறார். ஏலத்துக்கு முன் ஒரு வாரம், உள்ளூர் லினக்ஸ் குழுவையும் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களையும் உள்ளே விட்டுத் தேறுபவற்றைப் பிரித்தெடுக்க மாவட்ட ஆட்சியர் ஓர் ஏற்பாடு செய்தால், விழுப்புரத்தின் ஊராட்சி நூலகங்களுக்கு வேண்டிய பெட்டிகள் அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடுவதில் காலக்கெடு ஒன்றும் உண்டு. 2025 ஆகஸ்ட் 9-இல் வெளிவந்த டெபியன் 13 பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. 64 பிட் கணினிகளுக்கு அந்தக் கவலை இல்லை. மிகப் பழைய 32 பிட் பெட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே இறக்கித் தூசி தட்டினால், பிளஸ் டூ மாணவர்கள் சிலராவது அதில் பழகிக் கல்லூரிக்குப் போவார்கள். 2028-க்குப் பிறகு அதன் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, கிவிக்ஸ் பெட்டியாக ஏதாவது ஓர் ஊராட்சி நூலகத்தில் வைக்கலாம்.